ஒரே மியூட்டேஷன், ஒரே மாத்திரை, ரெண்டு வேற பதில்: கேன்சர் மருந்து யாருக்கு வேலை செய்யும்னு எப்படி கணிக்கறாங்க?

வெமுராஃபெனிப்னு ஒரு மாத்திரை இருக்கு. பிராஃப்ங்கற ஜீன்ல வி600இ-ன்னு ஒரு குறிப்பிட்ட மியூட்டேஷன் (டி.என்.ஏவுல எழுத்து மாறிப்போறது) இருக்கற மெலனோமாவுக்கு, அதாவது தோல்ல வர்ற ரொம்ப மோசமான ஒரு கேன்சருக்கு, 2011ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது. பெரிய டிரையல்ல இந்த மாத்திரை எடுத்தவங்கள்ல 48% பேருக்கு கட்டி நல்லா சுருங்குச்சு, பழைய கீமோ மருந்து எடுத்தவங்கள்ல அது வெறும் 5%. இதே மியூட்டேஷன் பெருங்குடல் கேன்சர்லயும் சில பேருக்கு இருக்கே, அவங்களுக்கும் உதவுமான்னு குடுத்துப் பாத்தாங்க. 21 பேர்ல ஒரே ஒருத்தருக்குத்தான் கட்டி சுருங்குச்சு.

ஜீன்ல மாறினது அதே ஒரு எழுத்து, மாத்திரையும் அதேதான். அப்பறம் ஏன் இப்படி? பயோஇன்ஃபர்மேடிக்ஸ், அதாவது பயாலஜி டேட்டாவை கம்ப்யூட்டர்ல அலசறது, அதை வச்சு மருந்துக்கு கேன்சர் எப்படி ரியாக்ட் பண்ணும்னு கணிக்கற வேலையை யாராவது எங்கிட்ட கேட்டா நான் இந்தக் கேள்வியில இருந்துதான் ஆரம்பிப்பேன், ஏன்னா இதுக்கு பதில் தேடிக்கிட்டே போனா வழியில எல்லா விஷயமும் வந்துடும். பயாலஜி மட்டும் தெரிஞ்சவங்க, கோடிங் மட்டும் தெரிஞ்சவங்க, ரெண்டுமே தெரியாதவங்க எல்லாருக்கும் சேத்துதான் எழுதறேன்.

முதல்ல டார்கெட்டட் மருந்துன்னா என்ன. கீமோ பெரும்பாலும் வேகமா பிரியற எல்லா செல்லையும் அடிக்கும், முடி கொட்டறது வாய்ப்புண் வர்றது எல்லாம் அதனாலதான். டார்கெட்டட் மருந்து அப்படி இல்ல, கேன்சர் செல் எந்தப் புரோட்டீனை நம்பி உயிரோட இருக்கோ அதைக் குறி வச்சு போய் உக்காரும். ஒரு செல் வளரணுமா வேண்டாமாங்கற தகவல் வெளியில இருந்து வரும். செல்லோட மேல்சவ்வுல இ.ஜி.எஃப்.ஆர் மாதிரி ஒரு புரோட்டீன் அந்த தகவலை வாங்கி, ராஸ்கிட்ட குடுக்கும், ராஸ் பிராஃப்கிட்ட, பிராஃப் மெக்கிட்ட, மெக் எர்க்கிட்ட, இப்படி கைமாறி நியூக்ளியஸ் வரைக்கும் போகும். நல்ல செல்லுல தகவல் வந்தா மட்டும் இது ஓடும், வேலை முடிஞ்சா நிக்கும். வி600இ வந்த பிராஃப் மேல இருந்து யாரும் சொல்லாமலே எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கும், செல்லும் பிரிஞ்சுக்கிட்டே இருக்கும். வெமுராஃபெனிப் அந்த பிராஃப்ல போய் ஒட்டிக்கிட்டு அதை நிறுத்தும்.

இமாட்டினிப் கதையை நிறைய பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. சி.எம்.எல்-ங்கற ரத்தப் புற்றுநோய்ல 9வது குரோமோசோம் துண்டும் 22வது குரோமோசோம் துண்டும் இடம் மாறி ஒட்டிக்கிட்டு ஒரு புது புரோட்டீன் உருவாகும், அதை நிறுத்தற மாத்திரைக்கு 2001ல அனுமதி கிடைச்சது, அந்த நோயோட தலையெழுத்தே மாறிடுச்சு. ஆனா அங்க கணிக்கறதுக்கு பெருசா ஒண்ணும் இல்ல, ஏன்னா கிட்டத்தட்ட எல்லா நோயாளிக்கும் அதே ஒரு காரணம்தான். மத்த கேன்சர்லாம் அவ்வளவு சுலபமா இல்ல.

நுரையீரல் கேன்சரைப் பாருங்க. ஜெஃபிட்டினிப்ங்கற மாத்திரை இ.ஜி.எஃப்.ஆரை நிறுத்தும். ஆரம்பத்துல மேற்கு நாடுகள்ல எடுத்தவங்கள்ல பத்துல ஒருத்தருக்குத்தான் வேலை செஞ்சது, ஆனா அந்த ஒருத்தருக்கு அசர வைக்கற அளவுக்கு வேலை செஞ்சது. யார் அந்த ஒருத்தர்? டாக்டர்கள் கவனிச்சது, சிகரெட் பிடிக்காதவங்க, பெண்கள், கிழக்காசியாவைச் சேந்தவங்களுக்கு அதிகமா கேக்குதுன்னு. 2004ல பாஸ்டன்ல ரெண்டு குழுக்கள் கட்டியோட டி.என்.ஏவை படிச்சுப் பாத்தப்பதான் நிஜமான காரணம் தெரிஞ்சது, மருந்து வேலை செஞ்சவங்களோட கட்டியில இ.ஜி.எஃப்.ஆர் ஜீன்லயே மியூட்டேஷன் இருந்துச்சு. அப்பறம் கிழக்காசியாவுல நடந்து 2009ல வெளியான ஐபாஸ்ங்கற டிரையல்ல, சிகரெட் பிடிக்காத அல்லது ரொம்ப கம்மியா பிடிச்ச ஆட்களை மட்டுமே சேத்தாங்க. அவங்கள்ல 437 பேரோட கட்டியை டெஸ்ட் பண்ண முடிஞ்சது, 261 பேருக்கு மியூட்டேஷன் இருந்தது. மியூட்டேஷன் இருந்து ஜெஃபிட்டினிப் எடுத்தவங்கள்ல 71.2% பேருக்கு கட்டி சுருங்குச்சு. மியூட்டேஷன் இல்லாம ஜெஃபிட்டினிப் எடுத்தவங்கள்ல? 1.1%. அதே மியூட்டேஷன் இல்லாதவங்களுக்கு கீமோ குடுத்தப்போ 23.5% பேருக்கு சுருங்கியிருக்கு.

இந்த 1.1 பக்கத்துல அந்த 23.5ஐ வச்சு ஒரு நிமிஷம் பாருங்க. ஆளோட வெளி அடையாளத்தை மட்டும் வச்சு மருந்து குடுத்திருந்தா, கீமோ வேலை செஞ்சிருக்கக்கூடிய ஆளுக்கு வேலை செய்யாத மாத்திரையைக் குடுத்து நாளை வீணாக்கியிருப்போம். நான் இந்தத் துறையில இருக்கறதுக்கு இந்த ரெண்டு நம்பரும் ஒரு பெரிய காரணம்.

சரி, கட்டியில மியூட்டேஷன் இருக்கான்னு எப்படித் தெரியும். கட்டியில இருந்து வெட்டி எடுத்த பயாப்சி துண்டுல இருந்து டி.என்.ஏ எடுத்து சீக்வென்சிங் மெஷின்ல போட்டா அது முழு ஜீனோமை ஒரே நீளமா குடுக்காது, 100, 150 எழுத்து (ஏ, சி, ஜி, டி) நீளத்துல கோடிக்கணக்கான குட்டித் துண்டுகளா குடுக்கும், அதை ரீட்னு சொல்லுவோம். ஒவ்வொரு ரீடையும் 300 கோடி எழுத்து இருக்கற ரெஃபரன்ஸ் ஜீனோம்ல, அதாவது ஒப்பிடறதுக்குன்னு வச்சிருக்கற மனுஷ ஜீனோம்ல, எந்த இடத்துக்கு பொருந்துதுன்னு சாஃப்ட்வேர் தேடி உக்கார வைக்கும். அப்பறம் எந்த இடத்துல ரெஃபரன்ஸ்ல இருக்கற எழுத்துக்கு பதிலா வேற எழுத்து வருதுன்னு பாத்து லிஸ்ட் குடுக்கும். இதுக்கு பேர் வேரியன்ட் காலிங்.

இங்க புதுசா வர்றவங்க எல்லாரும் தடுக்கி விழற ஒரு இடம் இருக்கு. புத்தகத்துல வி600இ-ன்னா டி-ங்கற எழுத்து ஏ-வா மாறுதுன்னு போட்டிருக்கும். ஃபைலைத் திறந்து பாத்தா 7வது குரோமோசோம்ல ஏ-ன்னு இருந்தது டி-யா மாறியிருக்குன்னு வரும். தப்பில்ல, பிராஃப் ஜீன் எதிர்ப்பக்க இழையில எழுதப்பட்டிருக்கு, அதனால ஃபைல்ல அதோட ஜோடி எழுத்து தெரியுது. இன்னொண்ணு, ரெஃபரன்ஸ் ஜீனோமோட பழைய பதிப்புல இந்த இடத்தோட நம்பர் 14,04,53,136, புது பதிப்புல 14,07,53,336. நான் கத்துக்கிட்டிருந்தப்போ ஒருதடவை பழைய நம்பரை வச்சுக்கிட்டு புது பதிப்பு ஃபைல்ல தேடி, இந்த சாம்பிள்ல மியூட்டேஷன் இல்லைன்னு எழுதிட்டேன், கூட வேலை செஞ்சவங்க பாத்து சொன்னாங்க. அது பிராக்டிஸ் டேட்டா. ஒரு நோயாளியோட ரிப்போர்ட்டா இருந்திருந்தா கிடைக்க வேண்டிய மருந்து கிடைக்காம போயிருக்கும், அந்த நினைப்பு இன்னைக்கு வரைக்கும் போகல, இப்பவும் எந்த ஃபைலைத் திறந்தாலும் முதல்ல எந்த பதிப்புன்னுதான் பாப்பேன்.

இருக்கா இல்லையாங்கறதோட முடியல, எவ்வளவு இருக்குங்கறதும் முக்கியம். கணக்கு ரொம்ப சிம்பிள்தான், பொறுமையா பாருங்க. பயாப்சி துண்டுல கேன்சர் செல் மட்டும் இருக்காது, ரத்தக்குழாய் செல், நோய் எதிர்ப்பு செல்னு எல்லாம் கலந்துதான் இருக்கும். 40% மட்டும் கேன்சர் செல்னு வச்சுப்போம். ஒவ்வொரு செல்லுலயும் அந்த ஜீன் ரெண்டு காப்பி, அதுல ஒரு காப்பியிலதான் மியூட்டேஷன். அப்போ எல்லா கேன்சர் செல்லுலயும் மியூட்டேஷன் இருந்தாக்கூட அந்த இடத்தைப் படிச்ச 100 ரீட்ல 20ல தான் மாறின எழுத்து வரும். 20 வந்தா சந்தோஷம், மொத்தக் கட்டியும் அந்த மியூட்டேஷனோட இருக்கு. 5 தான் வந்துச்சுன்னா? கேன்சர் செல்கள்ல கால்வாசியிலதான் அது இருக்குன்னு அர்த்தம், மருந்து அந்த கால்வாசியை அடிச்சாலும் மிச்சம் முக்கால்வாசி அப்படியே நிக்கும். நிஜத்துல கேன்சர் செல்லுல சில ஜீன் மூணு காப்பி, பத்து காப்பின்னு பெருகியிருக்கும், அதையும் சேத்துதான் கணக்கு போடணும், அதுக்குன்னே தனி சாஃப்ட்வேர் இருக்கு. ஃபார்மலின்ல ரொம்ப நாள் வச்ச திசுவுல சி-ங்கற எழுத்து கெட்டுப்போய் டி மாதிரி படிக்கும், அதை மியூட்டேஷன்னு நம்பிடக்கூடாது.

மியூட்டேஷன் லிஸ்ட் வந்தப்பறம் ஒவ்வொண்ணுக்கும் என்ன அர்த்தம்னு தேடணும். ஆன்கோகேபி, சிவிக், காஸ்மிக் மாதிரி டேட்டாபேஸ்கள் இருக்கு, அதுல மனுஷங்க உக்காந்து ஒவ்வொரு ஆராய்ச்சிக் கட்டுரையா படிச்சு எந்த மியூட்டேஷனுக்கு எந்த மருந்துக்கு எவ்வளவு ஆதாரம் இருக்குன்னு பதிவு பண்ணியிருப்பாங்க. கூடவே எந்தக் கேன்சர்லங்கறதும் இருக்கும். ஆரம்பத்துல கேட்ட கேள்வியோட பாதி பதில் இங்கயே இருக்கு, மியூட்டேஷனை மட்டும் வச்சு தேடினா தப்பான மருந்துல போய் நிப்பீங்க.

ஆனா டேட்டாபேஸ்ல இருக்கறது ஏற்கனவே தெரிஞ்சது. இதுவரைக்கும் யாரும் பாக்காத மியூட்டேஷன் கலவையோட ஒரு கட்டி வந்தா? அங்கதான் மெஷின் லேர்னிங் வருது, அதாவது பழைய டேட்டாவுல இருந்து கம்ப்யூட்டர் மாடல் தானா கத்துக்கிட்டு புதுசை கணிக்கறது. மாடலுக்கு கத்துக்குடுக்க டேட்டா வேணும், நோயாளிகளுக்கு 200 மருந்தை மாத்தி மாத்தி குடுத்துப் பாக்க முடியாது, அதனால லேப்ல வளக்கற கேன்சர் செல் லைன்களை எடுத்துக்கறாங்க. குட்டி குட்டி குழி இருக்கற பிளேட்ல செல்லைப் போட்டு, ஒவ்வொரு குழியிலயும் மருந்து அளவைக் கூட்டிக்கிட்டே போய், வழக்கமா 72 மணி நேரம் விட்டு, எவ்வளவு செல் உயிரோட இருக்குன்னு அளப்பாங்க. வளர்ச்சியைப் பாதியா குறைக்க எவ்வளவு மருந்து தேவைப்பட்டுச்சோ அதுதான் ஐசி50. நம்பர் சின்னதா இருந்தா மருந்து நல்லா கேக்குது.

2012 மார்ச்ல நேச்சர் பத்திரிகையோட ஒரே இதழ்ல இந்த மாதிரி ரெண்டு பெரிய டேட்டா வெளியாச்சு. ஒண்ணு இங்கிலாந்தோட சாங்கர் இன்ஸ்டிடியூட்டும் பாஸ்டன் மாசச்சூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியும் சேந்து பண்ணது, ஜி.டி.எஸ்.சி-ன்னு பேர், 600க்கு மேல செல் லைன், 130 மருந்து. இன்னொண்ணு பிராட் இன்ஸ்டிடியூட்டும் நோவார்ட்டிஸும் பண்ண சி.சி.எல்.இ, 947 செல் லைனோட ஜீன் விவரம், அதுல சுமார் 500 லைன்ல 24 மருந்து. 2016ல ஜி.டி.எஸ்.சி 1,001 செல் லைன், 265 மருந்துன்னு வளந்துச்சு. எல்லாம் இலவசமா டவுன்லோட் பண்ணிக்கலாம், கத்துக்கணும்னா இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியல.

இப்போ ஒரு டேபிளை மனசுல வச்சுக்கோங்க, ஆயிரம் வரிசை, ஒவ்வொண்ணும் ஒரு செல் லைன், சுமார் 20,000 காலம் (column), ஒவ்வொண்ணும் ஒரு ஜீன் எவ்வளவு வேலை செய்யுதுங்கற அளவு, கடைசி காலத்துல ஐசி50. எந்த ஜீன் ஐசி50யோட சேந்து ஏறி இறங்குதுன்னு கண்டுபிடிக்கணும். ஆபத்து என்னன்னா வரிசையை விட காலம் இருபது மடங்கு அதிகம். 20,000 ஜீனையும் ஒவ்வொண்ணா டெஸ்ட் பண்ணி, நூத்துல அஞ்சு தடவை தற்செயலா வரலாம்ங்கற வழக்கமான எல்லையை வச்சா, ஒரு சம்பந்தமும் இல்லாமலே ஆயிரம் ஜீன் சம்பந்தம் இருக்கற மாதிரி தெரியும். அதனால எலாஸ்டிக் நெட் மாதிரி முறைகளைப் பயன்படுத்துவாங்க, அது ஒவ்வொரு ஜீனையும் மாடல்ல சேக்கறதுக்கு ஒரு விலை வைக்கும், உண்மையிலேயே உதவற ஜீன் மட்டும் அந்த விலையைத் தாண்டி உள்ள வரும். அப்பறம் கொஞ்சம் செல் லைனை தனியா ஒளிச்சு வச்சுட்டு மீதியை வச்சு கத்துக்குடுத்து, ஒளிச்சதுல பரிட்சை வைக்கணும்.

அந்தப் பரிட்சையிலயும் மாடல் நம்மள ஏமாத்தும். ரத்தப் புற்றுநோய்ல இருந்து வந்த செல் லைன்கள் நிறைய மருந்துக்கு பொதுவாவே சீக்கிரம் செத்துப்போகும். மாடல் மருந்தோட வேலையை ஒண்ணுமே புரிஞ்சுக்காம, இது ரத்த செல்லா இல்லையாங்கறதை மட்டும் கத்துக்கிட்டா கூட பரிட்சையில நல்ல மார்க் வாங்கிடும். அதே மாதிரி மெதுவா பிரியற செல் 72 மணி நேரத்துல ரெண்டு தடவை கூட பிரிஞ்சிருக்காது, மருந்து கேக்காத மாதிரி தெரியும், நிஜத்துல அதுக்கு டைம் பத்தல அவ்வளவுதான். யாராவது மாடல் 90% சரியா சொல்லுதுன்னா நான் கேக்கறது இதுதான், ஒரே வகை கேன்சருக்குள்ள வச்சு பாத்தா எவ்வளவு, வேற லேப்ல அளந்த டேட்டாவுல எவ்வளவு. 2013ல ஜி.டி.எஸ்.சியையும் சி.சி.எல்.இயையும் ஒரு குழு பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தப்போ ஜீன் அளவுகள் ரெண்டுலயும் நல்லா ஒத்துப்போச்சு, மருந்து அளவுகள் அந்த அளவுக்கு ஒத்துப்போகல. ரெண்டு டேட்டா குழுவும் அதுக்கு பதில் குடுத்தாங்க, ரொம்ப நாள் விவாதம் நடந்துச்சு, நல்ல விவாதம், அதனால அளக்கற முறையே மேம்பட்டுச்சு.

செல் லைன்ல இருந்து ஆளுக்குப் போற தூரமும் பெருசு. 2012 ஜி.டி.எஸ்.சி டேட்டாவுல யூயிங் சார்கோமாங்கற எலும்பு கேன்சர் செல்கள் பார்ப் தடுப்பு மருந்துகளுக்கு (டி.என்.ஏ சேதத்தைச் சரி பண்ற பார்ப்ங்கற புரோட்டீனை அடக்கற மருந்துகள்) ரொம்ப நல்லா செத்துச்சு, எல்லாருக்கும் பெரிய நம்பிக்கை. அந்த வகையைச் சேந்த ஒலாபாரிபை தனியா 12 நோயாளிகளுக்கு குடுத்துப் பாத்தப்போ ஒருத்தருக்கும் கட்டி சுருங்கல. பிளேட்ல ரத்த ஓட்டம் இல்ல, எதிர்ப்பு செல் இல்ல, மருந்து உடம்புல எவ்வளவு நேரம் தங்கும்ங்கற கேள்வி இல்ல.

டேட்டாவைக் கையாள்றதுல கவனம் இல்லாட்டி என்ன ஆகும்னு ஒரு சம்பவத்தை சொல்லியே ஆகணும். 2006ல டியூக் யூனிவர்சிட்டியில இருந்து, செல் லைன் ஜீன் அளவை வச்சு எந்த நோயாளிக்கு எந்த கீமோ கேக்கும்னு சொல்ல முடியும்னு ஒரு கட்டுரை வந்துச்சு. டார்கெட்டட் மருந்து இல்லதான், ஆனா வேலை இதே வேலை. கீத் பேகர்லி, கெவின் கூம்ப்ஸ்னு எம்.டி. ஆண்டர்சன் கேன்சர் சென்டர்ல இருந்த ரெண்டு பேர் அதே டேட்டாவை எடுத்து திரும்ப செஞ்சு பாத்தாங்க, வரவே இல்ல. தோண்டித் தோண்டிப் பாத்தா ஜீன் லிஸ்ட் ஒரு வரிசை தள்ளி உக்காந்திருக்கு, சில இடத்துல மருந்து கேக்கற செல், கேக்காத செல்ங்கற லேபிளே தலைகீழா மாறியிருக்கு. இதுக்குள்ள 2007லயே இந்தக் கணிப்பை வச்சு நோயாளிகளை டிரையல்ல சேக்க ஆரம்பிச்சுட்டாங்க. 2010லதான் அது மொத்தமா நிறுத்தப்பட்டுச்சு, 2011ல கட்டுரையைத் திரும்பப் பெற்றாங்க. லேபிள் தலைகீழா இருந்தா மாடல் சொல்ற மருந்து அந்த ஆளுக்கு வேலை செய்ய வாய்ப்பே கம்மியான மருந்து. கோடையும் டேட்டாவையும் மத்தவங்க ஓட்டிப் பாக்கற மாதிரி வெளியிடுங்கன்னு இந்தத் துறையில இருக்கறவங்க பிடிவாதம் பிடிக்கறது இதனாலதான்.

இன்னொரு சிக்கல், கணிப்பு இன்னைக்கு சரியா இருந்தாலும் கட்டி மாறிக்கிட்டே இருக்கும். இ.ஜி.எஃப்.ஆர் மியூட்டேஷன் இருக்கற நுரையீரல் கேன்சர் ஜெஃபிட்டினிபுக்கு நல்லா கேட்டு, பெரும்பாலும் ஒரு வருஷம் வாக்குல திரும்ப வளரும். அப்படி வளந்ததுல பாதிக்கு மேல அதே ஜீன்ல டி790எம்னு இன்னொரு மியூட்டேஷன் சேந்திருக்கும். அதையும் சேத்து அடக்கற ஓசிமெர்ட்டினிபுக்கு 2015ல அனுமதி வந்துச்சு. ரத்தத்துல மிதக்கற கட்டியோட டி.என்.ஏ துணுக்குல இருந்தே இந்த மாற்றங்களைப் பாக்கற டெஸ்டுக்கு 2016ல அனுமதி வந்துச்சு, அதனால ஒவ்வொரு தடவையும் நுரையீரல்ல ஊசி விட வேண்டிய அவசியம் குறைஞ்சது. ரத்தத்துல அந்தத் துணுக்கு ரொம்ப ரொம்ப கம்மியா இருக்கும், நல்ல ரீட்லயே ஆயிரம் எழுத்துக்கு ஒண்ணு தப்பா படிக்க வாய்ப்பு இருக்கு, அந்தப் பிழைக்கு நடுவுல நிஜ மியூட்டேஷனைப் பிரிச்சு எடுக்கறது இன்னைக்கும் இந்தத் துறையோட கஷ்டமான வேலைகள்ல ஒண்ணு.

இப்போ அந்த பிராஃப் கேள்விக்கு வருவோம். 2012ல நெதர்லாந்து கேன்சர் இன்ஸ்டிடியூட்ல ஒரு குழு, வெமுராஃபெனிப் கேக்காத பெருங்குடல் கேன்சர் செல்லை எடுத்து, சிக்னல் கடத்தற கைனேஸ் ஜீன்களை ஒவ்வொண்ணா அடக்கி, எதை அடக்கினா மருந்து கேக்க ஆரம்பிக்குதுன்னு பாத்தாங்க. மாட்டினது இ.ஜி.எஃப்.ஆர். நடக்கறது இதுதான்: பிராஃப் ஓடிக்கிட்டு இருக்கறவரைக்கும் கீழ இருந்து மேல, போதும் நிறுத்துன்னு ஒரு தகவல் போய் இ.ஜி.எஃப்.ஆரை அடக்கி வச்சிருக்கும். மருந்து பிராஃபை நிறுத்தின உடனே அந்த தகவலும் நின்னுடும், இ.ஜி.எஃப்.ஆர் எழுந்து வேற வழியில சிக்னலைத் திரும்ப ஓட்டும். மெலனோமா செல்லுல இ.ஜி.எஃப்.ஆர் ரொம்ப கம்மி, எழுந்துக்க ஆளே இல்ல, அதனால மருந்து கேக்குது. பெருங்குடல் செல்லுல அது நிறைய இருக்கு.

மியூட்டேஷன் லிஸ்ட்ல இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. இ.ஜி.எஃப்.ஆர் ஜீன்ல எழுத்து எதுவும் மாறல, அது எவ்வளவு வேலை செய்யுதுங்கற அளவுதான் வேற, அது ஆர்.என்.ஏ (ஜீன் வேலை செய்யும்போது அதுல இருந்து எடுக்கப்படற நகல்) டேட்டாவுலதான் தெரியும். அதனாலதான் இப்போ வர்ற மாடல்கள்ல மியூட்டேஷன், ஜீன் காப்பி எண்ணிக்கை, ஆர்.என்.ஏ அளவு, புரோட்டீன் அளவு, எந்தப் புரோட்டீன் எதோட பேசுதுங்கற நெட்வொர்க் எல்லாத்தையும் சேத்துக் குடுக்கறாங்க.

இந்தக் கண்டுபிடிப்புல இருந்துதான் பெருங்குடல் கேன்சருக்கு பிராஃபை அடக்கற என்கோராஃபெனிபையும் இ.ஜி.எஃப்.ஆரை அடக்கற செட்டுக்ஸிமாபையும் சேத்துக் குடுக்கற யோசனை வந்துச்சு, 2020 ஏப்ரல்ல அமெரிக்காவுல அனுமதியும் கிடைச்சது. டிரையல்ல 20% பேருக்கு கட்டி சுருங்குச்சு, வழக்கமான சிகிச்சையில அது 2%. உயிரோட இருந்த காலத்தோட நடுமதிப்பு 5.4 மாசத்துல இருந்து 8.4 மாசமா கூடிச்சு. மூணு மாசம்ங்கறது அந்தக் குடும்பங்களுக்கு சின்ன விஷயம் இல்ல. மிச்சம் 80% பேரோட கட்டி ஏன் சுருங்கல, சுருங்கின 20% பேரை மருந்து குடுக்கறதுக்கு முன்னாடியே அடையாளம் காட்ட முடியுமா, இதைத்தான் அந்த டிரையல்ல எடுத்த திசுக்களோட ஆர்.என்.ஏ டேட்டாவை வச்சுக்கிட்டு இப்போ தேடிக்கிட்டு இருக்காங்க.